மீனுக்கும் முதுமை உண்டு

பெங்களூரில் கப்பன் பூங்காவை ஒட்டிய கஸ்தூரிபா சாலையில் கர்நாடக அரசின் மீன் காட்சியகம் 1983ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே, 1909இல், சென்னை மெரினாவில் நம் நாட்டின் முதல் மீன் காட்சியகம் மக்களுக்காகத் திறக்கப்பட்டிருந்தது. இத்தகைய இடங்களில் கண்ணாடிக்கு முன் நிற்போரின் பேச்சைச் செவிமடுத்தால் மூன்று வினாக்கள் மீண்டும் மீண்டும் எழுவதை அறியலாம். இதன் பெயர் என்ன? இது என்ன தின்னும்? வீட்டில் வளர்க்க முடியுமா? இந்த மீனுக்கு வயது என்ன என்று கேட்பாரைக் காண்பது அரிது. யானைக்கும் ஆமைக்கும் வயது கேட்கிறோம். வீட்டு நாய்க்குப் பிறந்தநாள்கூடக் கொண்டாடுகிறோம். மீன் மட்டும் வயதற்ற உயிராகவே நம் மனத்தில் நீந்திக்கொண்டிருக்கிறது. ஒரு நாள் காலையில் அது மிதக்கும். மாலையில் வேறொன்று வாங்கி விடுவோம்.

இவ்வெண்ணம் தோன்றியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. வீட்டுத் தொட்டிகளில் வாழும் மீன்களுள் பல, முதுமையைக் காணும் முன்பே இறந்துவிடுகின்றன. வாங்கி வந்த முதல் மாதத்தில் இறப்பவையே மிகுதி. புதிய தொட்டியில் மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அதை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பில்டரில் பெருகுவதற்கு ஏறக்குறைய நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதற்குள் பத்து மீன்களை இட்டு நிரப்பினால் அவை தம் கழிவிலேயே நஞ்சேறி மடியும். இவற்றையெல்லாம் கண்டு பழகியவர்களுக்கு, மீனின் இறப்பு என்பதே ஏதோ ஒரு விபத்து என்று தோன்றுவது இயல்பு.

அறிவியலாளர் சிலரும் ஒரு காலத்தில் இதற்கு நெருங்கிய கருத்தைக் கொண்டிருந்தனர் என்பது வியப்புக்குரியது. பல மீன்கள் வாழ்நாள் முழுவதும் சிறிது சிறிதாக வளர்ந்துகொண்டே இருக்கும். வளர்ச்சிக்கு எல்லையில்லாத உயிருக்கு மூப்பும் இல்லை, அது விபத்தினாலோ பகையினாலோதான் சாகும் என்று ஜார்ஜ் பிடர் என்னும் ஆங்கிலேயக் கடல் உயிரியலாளர் 1932இல் எழுதினார். இதைச் சோதித்துப் பார்க்க லண்டனைச் சேர்ந்த அலெக்ஸ் கம்ஃபர்ட் தேர்ந்தெடுத்தது, நம் ஊர்க் கடைகளில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் கப்பி மீன்களை. அவற்றைப் பாதுகாப்பான தொட்டிகளில் வளர்த்து, ஒவ்வொன்றும் எப்போது இறக்கிறது என்று கணக்கெடுத்தார். 1960களின் தொடக்கத்தில் அவர் வெளியிட்ட முடிவு தெளிவானது. வயது ஏற ஏற இறப்பும் ஏறியது. பாலூட்டிகளில் காணும் அதே போக்குதான். பகையும் நோயும் பசியும் அண்டாத தொட்டியிலும் கப்பி மூப்படைந்து இறக்கிறது.

ஆயின் எவ்வளவு காலத்தில் என்பதில்தான் மீன்களுக்குள் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. பவளப்பாறைகளில் வாழும் ஒரு சிறு கோபி மீனின் முழு ஆயுள் 59 நாள். மறுபுறம், ஆஸ்திரேலியாவிலிருந்து 1933இல் சிகாகோவின் ஷெட் காட்சியகத்துக்கு வந்த நுரையீரல் மீன் ஒன்று, வரும்போதே முழு வளர்ச்சி அடைந்திருந்தது. ‘தாத்தா’ என்று பெயரிடப்பட்ட அம்மீன் 2017 பிப்ரவரி வரை வாழ்ந்தது. அதைப் பராமரித்த பல தலைமுறைப் பணியாளர்கள் அதற்குமுன் ஓய்வு பெற்றுச் சென்றிருந்தனர்.

மீனின் வயதை அறிவதற்கும் வழி இருக்கிறது. அதன் தலைக்குள் செவிப்பகுதியில் இருக்கும் சிறு கல்லிலும், செதில்களிலும், முதுகெலும்பிலும் மரத்தின் வளையங்களைப் போலக் கோடுகள் படியும். 1759இலேயே ஸ்வீடனைச் சேர்ந்த ஹெடர்ஸ்ட்ரோம் என்னும் பாதிரியார் மீனின் முதுகெலும்பு வளையங்களை எண்ணி வயது கண்டார். ஜப்பானில் 1977இல் இறந்த ‘ஹனாகோ’ என்னும் கோய் மீனுக்கு 226 வயது என்று ஒரு கூற்று இன்றும் உலவுகிறது. செதில் வளையங்களை எண்ணிச் சொல்லப்பட்ட அந்தக் கணக்கை ஆய்வாளர் பலர் ஏற்பதில்லை. ஆண்டுதோறும் ஓய்வூதியர்களின் உயிர்வாழ் சான்றிதழைச் சரிபார்க்கும் நமக்கும் அது சற்றே ஐயத்தைத் தருகிறது.

முதுமையை ஆராய்வோர் இன்று மிகவும் நாடும் மீன், ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே, மொசாம்பிக் நாடுகளின் மழைக்குட்டைகளில் வாழும் நீலப்பச்சைக் கில்லி மீன். மழை பெய்து குட்டை நிறைந்ததும் முட்டை பொரிகிறது. சில வாரங்களில் பருவமடைகிறது. குட்டை வற்றும் முன் மண்ணில் முட்டையிட்டு மடிகிறது. முட்டைகள் அடுத்த மழை வரை காய்ந்த சேற்றுக்குள் காத்திருக்கும். இம்மீனை வற்றாத தொட்டியில் வைத்து நன்றாகப் பராமரித்தாலும், ஆய்வகங்களில் மிகுதியாக வளர்க்கப்படும் வகை நான்கு முதல் ஆறு மாதங்களில் கிழப்பருவம் எய்துகிறது. நிறம் மங்குகிறது, முதுகு வளைகிறது, உடல் மெலிகிறது. ஜெர்மனியின் ஜெனா, கொலோன் நகரங்களின் ஆய்வகங்களில் இம்மீனைக்கொண்டு மனித முதுமைக்கும் விடை தேடுகின்றனர். குட்டை வற்றுவதால்தான் அது சாகிறது என்று நாம் நினைத்திருப்போம். குட்டை வற்றாவிட்டாலும் அதன் உடலுக்குள் ஒரு கெடு இருக்கிறது.

இங்கே பெங்களூரு வாசகர்களுக்கு ஒரு செய்தி உண்டு. மீனின் உடல் வெப்பம் நீரின் வெப்பத்தையே பின்பற்றும். நீர் சூடானால் உடலின் இயக்கம் விரைவுபடும். ஆயுளும் விரைந்து செலவாகும். அமெரிக்காவில் லியூ, வால்ஃபோர்டு என்னும் இருவர் தென்னமெரிக்காவின் ஓராண்டு மீன்களைச் சற்றுக் குளிர்ந்த நீரில் வளர்த்தபோது அவை நீண்ட நாள் வாழ்ந்ததை 1966இல் அறிவித்தனர். கில்லி மீனிலும் பின்னர் இது உறுதியானது. நீரின் வெப்பத்தை மூன்று டிகிரி குறைத்தபோது ஆயுள் நீண்டது. தங்கமீன் இயல்பிலேயே குளிர்ந்த நீரின் மீன். சென்னையின் மே மாதத்தைவிடப் பெங்களூரின் மிதமான காலநிலை அதற்கு ஏற்றது. அதனாலேயே ஏஞ்சலும் டெட்ராவும் குளிரில் நீடூழி வாழும் என்று கருதிவிடக் கூடாது. அவை வெப்ப நாட்டு ஆறுகளின் மீன்கள். நம் ஊரின் டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பம் 15 டிகிரி அளவுக்கு இறங்கும்போது ஹீட்டர் இல்லாத சிறு தொட்டியில் அவற்றின் எதிர்ப்பாற்றல் குன்றி, வெண்புள்ளி நோய் தொற்றிக்கொள்ளும். தாங்கும் எல்லைக்குள் இருக்கும் குளிரே ஆயுளுக்கு நல்லது.

வாங்கும் முன் ஆயுளை அறிந்துகொள்ளுதல், நம் பார்வையில், மீனின் நிறத்தையும் விலையையும் விட முதன்மையானது. கப்பிக்கு இரண்டு, மூன்று ஆண்டுகள். ஃபைட்டர் என்று நாம் அழைக்கும் பெட்டா மீனுக்கும் ஏறக்குறைய அவ்வளவே; நீண்ட துடுப்புகளுடன் கடையில் கண்ணாடிக் குவளைக்குள் இருக்கும்போதே அதற்குப் பெரும்பாலும் அரை வயதுக்கு மேல் ஆகியிருக்கும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஏஞ்சல் பத்தாண்டு வாழக்கூடியது. ஆஸ்காரும் அப்படியே, சில அதற்கு மேலும். அரோவானா பதினைந்து, இருபது ஆண்டுகள். எல்லோரும் குழந்தை கேட்டதற்காக ஒரு கோப்பையோடு சேர்த்து வாங்கும் தங்கமீன்தான் இப்பட்டியலில் நம்மை நாணச் செய்வது. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், 1956இல் ஒரு திருவிழாவில் பரிசாகக் கிடைத்த தங்கமீன் 1999 வரை, 43 ஆண்டுகள் வாழ்ந்தது. அது விதிவிலக்கு, ஆனால் நல்ல தொட்டியில் பத்தாண்டுக்கு மேல் என்பது தங்கமீனுக்கு விதிவிலக்கு அன்று. பில்டர் இல்லாத உருண்டைக் கோப்பையில் அது சில மாதங்களில் முடிந்துவிடுகிறது.

எனவே அறுபது வயதில் ஓய்வு பெற்று, பொழுதுபோக்காக அரோவானா வாங்கும் நம் வாடிக்கையாளர், அம்மீனுக்கும் ஒரு நாமினியைக் குறித்து வைப்பது நல்லது. நகைச்சுவைக்காக மட்டும் நாம் இதைச் சொல்லவில்லை.

மூப்பையும் நோயையும் வேறுபடுத்துவது எப்படி? மூப்பு மெல்ல வரும். பல வாரங்களாக, ஏன், மாதங்களாக மாற்றம் தெரியும். நிறம் வெளிறும். நெற்றியும் முதுகும் ஒட்டி மெலியும். கண்ணில் புரை படரலாம். துடுப்பின் விளிம்பு கிழிந்தால் முன்போல் விரைந்து கூடாது. உணவு இடும்போது முதலில் ஓடிவந்த மீன் கடைசியாக வரும். பிறகு அடித்தளத்தில் ஏதேனும் ஒரு மூலையில் நெடுநேரம் ஓய்ந்திருக்கும். உடனிருக்கும் மீன்களோ வழக்கம்போல் இருக்கும். நீரின் கோளாறு அப்படி அன்று. ஒரே நாளில் பல மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாய் பிளந்து மூச்சு வாங்கினால் அது வயதின் செயலன்று. உடனே நீரைச் சோதிக்க வேண்டும். 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்ததைப் பெங்களூர் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். கழிவும் வெப்பமும் சேர்ந்து நீரில் உயிர்வளியைக் குறைத்ததன் விளைவு அது. சிறியதும் பெரியதும் ஒரே நாளில் மடிந்தன. வீட்டுத் தொட்டியிலும் இதே நிகழ்வு சிறு அளவில் நடக்கக் கூடும்.

ஓர் எச்சரிக்கையும் இங்கே தேவை. மெலிதலும் முதுகு வளைதலும் மீன்களுக்கு வரும் காசநோயின் அறிகுறிகளாகவும் இருக்கலாம். அந்நோயை உண்டாக்கும் கிருமி, கையில் வெட்டுக்காயம் இருந்தால் மனிதரின் தோலிலும் புண்ணை உண்டாக்கும். காயமுள்ள கையைத் தொட்டிக்குள் விடாதிருத்தலும், வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கழுவுதலும் எல்லோருக்கும் பொதுவான விதி.

நம் கிளையின் கூடத்திலும் நான்கடித் தொட்டி ஒன்று பல ஆண்டுகளாக இருக்கிறது. மாலையில் கிளையைப் பூட்டும்போது மெயின் சுவிட்சை அணைப்பது வங்கி வழக்கம். பில்டர் நின்றால் பாக்டீரியாவும் மீனும் மூச்சுத் திணறும் என்பதால் அதற்கெனத் தனி மின்இணைப்பு வைத்திருக்கிறோம். இரண்டாம் சனியும் ஞாயிறும் உணவின்றி அவை நலமாகவே இருக்கின்றன. திங்களன்று ஒவ்வொருவரும் இரக்கப்பட்டு ஒரு பிடி போடுவதுதான் தடுக்க வேண்டியது. இத்தொட்டியை நாம் பராமரிப்பதைப் பார்த்துத்தான், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நவம்பரில், உயிர்வாழ் சான்றிதழ் தர வந்த குடும்ப ஓய்வூதியர் அம்மையார் ஒருவர் நம்மிடம் கேட்டார்: “சார், வீட்ல ஒரு ஏஞ்சல் மீன் இருக்கு. ஒரு மாசமா சரியா சாப்பிட மாட்டேங்குது. கடையில மூணு மருந்து குடுத்தாங்க. எல்லாத்தையும் ஊத்தலாமா?”

அல்சூரில் இருந்த அவர் வீடு, கிளையிலிருந்து நடக்கும் தொலைவுதான். மாலையில் சென்று பார்த்தோம். கருங்கோடுகள் சாம்பல் நிறமாகி, ஒரு கண்ணில் புரை விழுந்த மீன், கண்ணாடியின் மூலையில் அசையாமல் நின்றது. நான்கு டெட்ராக்கள் அதைச் சுற்றித் துடிப்பாக ஓடிக்கொண்டிருந்தன. மூன்று மருந்துகளுள் ஒன்றை மட்டும் அவர் ஊற்றத் தொடங்கியிருந்தார். சோதனைத் துளிகளால் பார்த்ததில் நீரில் அம்மோனியா இல்லை. மீனை எப்போது வாங்கியது என்று கேட்டோம். அவர் உள்ளே சென்று, கணவரின் பழைய பாஸ்புக் உறையைக் கொண்டுவந்தார். அதில் பல சீட்டுகளுக்கிடையே மீன் கடையின் ரசீதும் இருந்தது. நான்கு ஏஞ்சல்கள், ஒன்பது ஆண்டுகளுக்கு முந்தைய தேதி. மற்ற மூன்றும் முன்பே போய்விட்டன, இது கடைசி.

மருந்தை நிறுத்தி, நான்கைந்து நாட்களில் சிறிது சிறிதாக நீரை மாற்றச் சொன்னோம். பில்டரின் வேகத்தைக் குறைத்து, நீர் அடிக்கும் திசையைச் சுவர்ப்பக்கம் திருப்பினோம். உணவை ஊறவைத்து, மீன் நிற்கும் மூலையிலேயே சிறு அளவில் காலையும் மாலையும் இட அவர் பழகிக்கொண்டார். அம்மீன் பொங்கல் கழிந்தும் சில நாள் இருந்தது. பிறகு ஒரு நாள் கவுன்டருக்கு முன் வந்து நின்றவர், “நேத்து ராத்திரி போயிடுச்சு சார். நான் ஏதாச்சும் தப்பு பண்ணிட்டேனா?” என்றார். “ஒன்பது வருஷம்மா. ஏஞ்சலுக்கு அது முழு வயசு,” என்றோம். சற்று நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, “அவர் இருந்தப்போ மூணு வருஷம். அவருக்கப்புறம் ஆறு வருஷம் நான் வெச்சிருந்திருக்கேன்,” என்றார்.

மீனின் சாவைத் தம் குற்றமாகவோ, வீட்டின் கெட்ட நேரமாகவோ எண்ணுவோர் நம்மிடையே மிகுதி. வாஸ்து மீன் என்று ஃப்ளவர்ஹார்ன், அரோவானா வாங்கி வைக்கும் கடைகளிலும் அலுவலகங்களிலும், வரவிருந்த தீங்கை மீன் தன்மேல் ஏற்றுக்கொண்டு இறந்தது என்று சொல்லி ஆறுதல் அடைவர். ஃப்ளவர்ஹார்ன் இயற்கையில் இல்லாத மீன். 1990களில் மலேசியாவில் பல இனங்களைக் கலந்து உருவாக்கியது. பிறர் நம்பிக்கையில் தலையிடுவது நம் நோக்கமன்று. ஆயினும் திருஷ்டி கழிந்தது என்று அன்றே அடுத்த மீனை அதே நீரில் விடுவதற்கு முன், முதல் மீன் எத்தனை ஆண்டு வாழ்ந்தது என்று எண்ணிப் பார்க்கலாம். எட்டாண்டு என்றால் அதன் காலம் முடிந்தது. எட்டு வாரம் என்றால் காரணம் தொட்டிக்குள் இருக்கிறது.

முதிய மீனுக்கு வேண்டியவை சில எளியன. குதித்து ஓடும் இளம் மீன்களைப் புதிதாகச் சேர்த்தல் கூடாது. உணவுப் போட்டியில் கிழ மீன் தோற்கும், துடுப்பும் கடிபடும். வாரம் ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால் போதும். காவிரி நீரானாலும் அதிலுள்ள குளோரின் நீங்கத் துளிமருந்து சேர்த்து, தொட்டியின் வெப்பத்துக்குக் கொண்டுவந்த பிறகே ஊற்ற வேண்டும். பல மாதங்கள் நீர் மாற்றாமல் கிடந்த தொட்டியை ஒரே நாளில் கழுவி, முழுதும் புதுநீர் நிரப்புவது முதிய மீனுக்குப் பேராபத்து. பழைய நீர் மெல்ல அமிலத்தன்மை கொள்ளும்; அதில் அம்மோனியா பெரும்பாலும் நஞ்சற்ற வடிவில் இருக்கும். காரத்தன்மை மிக்க ஆழ்துளைக் கிணற்று நீர் திடீரெனக் கலந்ததும் எஞ்சியது நஞ்சாக மாறிவிடும். “நேற்றுத்தான் தொட்டியை நன்றாகக் கழுவினோம், இன்று செத்துவிட்டது” என்ற வருத்தத்தைப் பலரிடம் கேட்டிருக்கிறோம்.

இறுதிக் கட்டத்தில் மீன் பக்கவாட்டில் சாய்ந்து, உண்ணாமல் பல நாள் கிடப்பதுண்டு. ஷெட் காட்சியகத்தின் ‘தாத்தா’வின் உறுப்புகள் செயலிழந்து, உண்ணுவதையும் நிறுத்தியபோது, அங்குள்ள மருத்துவர்கள் வலியின்றி அதன் உயிரை முடித்தனர். கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜினால் மீனை மயக்குவது. அளவு மிகுந்தால் மயக்கத்திலேயே உயிர் பிரியும். அதன் அளவை மீன் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். உயிரோடு கழிப்பறையில் ஊற்றுவதும், ஃபிரீஸரில் வைப்பதும் கருணையல்ல.

ஏரியில் விடுவதும் அப்படியே. வயதான மீனுக்கு விடுதலை தருவதாகக் கருதி அல்சூரிலோ ஹெப்பாளிலோ கொண்டுபோய் விடுவோர் உண்டு. தொட்டியில் பிறந்து வளர்ந்த கிழ மீன் அங்கே சில நாளும் தாங்காது. தாங்கக்கூடிய மீன் இன்னும் தொல்லை. டேங்க் கிளீனர் என்று விற்கப்படும் தென்னமெரிக்க உறிஞ்சுவாய்க் கெளுத்தி, இவ்வாறு விடப்பட்டே நம் நாட்டு நீர்நிலைகள் பலவற்றில் பெருகி, உள்ளூர் மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இறந்த மீனை உடனே வெளியே எடுத்துவிட வேண்டும். வெதுவெதுப்பான நீரில் அது சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கி அம்மோனியாவை உயர்த்தும். அடுக்குமாடியில் இருப்போர் பெரிய பூந்தொட்டியில் ஒரு சாண் ஆழத்தில் புதைக்கலாம். வீட்டில் குழந்தை இருந்தால் அதை அவர்கள் பார்க்கட்டும், மீன் எத்தனை வயது வாழ்ந்தது என்றும் சொல்லலாம். இரவோடிரவாக அதே நிறத்தில் வேறொரு மீனை வாங்கி மாற்றி வைக்கும் பெற்றோரை நாம் அறிவோம். ஐந்து வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் அதைக் கண்டுபிடித்து விடுகிறார்கள். புதிய மீன் வாங்க எண்ணம் இருந்தால் பில்டரை நிறுத்த வேண்டாம். மீனில்லாத தொட்டியில் பாக்டீரியாக்களும் உணவின்றிச் சில வாரங்களில் குறைந்துவிடும். அதற்குள் வாங்கினால் ஒன்றிரண்டு மீன்களோடு தொடங்கலாம். காலம் கடந்துவிட்டால் மீண்டும் முதலிலிருந்து ஆறு வாரம். வாங்கும் நாளில் ரசீதின் பின்புறம் மீனின் பெயரையும் தேதியையும் எழுதி வைக்கவும்.